மண்ணெண்ணெய்க் காலத்தின் பெயரால்

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கராஜில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும். மூன்று லட்சம் கிலோமீற்றர் தாண்டிய ஹயஸ் வான் ஒன்று காலையில் ஸ்ரார்ட் வர மறுக்கிறது. வந்தாலும் முற்றம் முழுக்க வெள்ளைப் புகை.

"அண்ணை, நொசிலைக் கழட்டி ஒருக்காப் பார்ப்பமே?"

"வேண்டாம் தம்பி. ஓடுற வண்டியில கை வைக்கப்படாது. உது டீசல். சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயிலயே ஓடினது. உதுக்கு ஒண்டும் வராது."

பற்றரி மாறும், ஹீற்றர் பிளக் மாறும். வான் புகையோடு ஏ-9 வீதியில் ஏறிப் போய்விடும்.

இந்த மறுமொழிக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. டீசல் இஞ்சின் எதைக் குடித்தாலும் ஓடும் என்பது ஒன்று. ஓடுகிற இஞ்சினின் இன்ஜெக்டரைத் தொட்டால்தான் கேடு என்பது மற்றது. வன்னியில் இவை வாகன உரிமையாளர்களிடம் மட்டும் இல்லை. சாரதிகளிடமும், வண்டி பார்த்து வாங்கித் தரும் தரகர்களிடமும், சில மெக்கானிக்குகளிடமுமே வேரோடிப் போயிருக்கின்றன. இரண்டும் பிழை. இந்தப் பிழைக்குப் பொருளாதாரத் தடைக்காலத்தைச் சாட்சிக்கு அழைப்பதுதான் பெரிய அநியாயம். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் செய்து காட்டியது இதற்கு நேர்மாறானது.

வடக்கின் மீது 1990 இல் இறுகிய அரசின் தடை 2002 இன் தொடக்கத்தில்தான் தளர்ந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப் பாகம் எதுவும் தாராளமாக உள்ளே வராத அந்த ஆண்டுகளில் வடக்கின் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியது உண்மை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்யப்பட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறின. பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள், அந்தப் புகையின் மணம் இன்றும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அவை பெற்றோல் இஞ்சின்கள். அவற்றில் இன்ஜெக்டரே கிடையாது. கார்புரேற்றர் என்பது எரிபொருளைக் காற்றோடு கலந்து விடுகிற ஒரு கிண்ணமும் சில துவாரங்களும். அங்கே மண்ணெண்ணெய் தாக்குப்பிடித்ததை வைத்து, மயிரிழையிலும் மெல்லிய இடைவெளியில் அசைகிற டீசல் நொசிலுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. முப்பது வருட நினைவில் பெற்றோல் காரும் டீசல் வானும் ஒன்றாகக் கலந்துபோய்விட்டன.

டீசல் வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடின. அதையும் மறுக்க வேண்டியதில்லை. எப்படி ஓடின என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வெறும் மண்ணெண்ணெயை ஊற்றி யாரும் நிம்மதியாக ஓடவில்லை. அதற்குள் ஒயில் கலந்தார்கள், கிடைத்த எண்ணெயைக் கலந்தார்கள். ஏன் கலந்தார்கள்? டீசல் பம்பும் நொசிலும் தமக்கான மசகை எரிபொருளிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது என்று கைப்பழக்கத்தில் கண்டறிந்திருந்தார்கள். இன்று "மண்ணெண்ணெயிலேயே ஓடினது" என்று சொல்பவர் அந்த ஒயில் போத்தலைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்.

பழைய லொறிகளும் பஸ்களும் கூடுதலாகத் தாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வரிசைப் பம்ப் பூட்டியவை. அந்தப் பம்பின் அடிப்பகுதியில் கேம் தண்டுக்கென்று தனியாக ஒயில் நிற்கும். டொல்பின், சி.ஆர். வான்களிலும் டீசல் கொரொல்லாக்களிலும் வரும் சுழற்பம்ப் வேறு சாதி. அதன் உள்ளுறுப்புகள் முழுவதும் டீசலில்தான் நனைகின்றன. டீசல் மெலிந்தால் பம்ப் தேயும். இதை மெய்ப்பிக்க வன்னிக்கு வரவேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் சுவீடன் கந்தகம் மிகக் குறைந்த டீசலை அறிமுகப்படுத்தியபோது, சுத்திகரிப்பில் வழுவழுப்பும் சேர்ந்து போனதால் அங்கே சுழற்பம்புகள் பழுதாகின. அதன் பிறகே மசகுச் சேர்க்கைகள் வழக்கத்துக்கு வந்தன. பின்னர் ஐரோப்பியத் தர விதி, சோதனை உருண்டையில் டீசல் விடக்கூடிய தேய்மானத் தழும்புக்கு 460 மைக்ரோன் என்று எல்லை போட்டது. டீசல் எரிந்தால் மட்டும் போதாது, உயவும் செய்ய வேண்டும் என்பது அங்கே எழுதப்பட்ட விதி.

சிலர் இன்னும் பின்னோக்கிப் போய், கண்டுபிடித்தவரின் இஞ்சினே கடலை எண்ணெயில் ஓடியது என்பார்கள். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அப்படியொரு டீசல் இஞ்சின் ஓடியது மெய்தான். அந்த இஞ்சின் எரிபொருளை அழுத்தக் காற்றால் ஊதி உள்ளே செலுத்தியது. இன்றைய முறையில் எரிபொருளையே அழுத்தி ஊசித் துவாரத்தால் சிதறடிக்கும் பம்பை பொஷ் நிறுவனம் பெருமளவில் செய்யத் தொடங்கியது 1927 இல். முன்னதன் பொறுமையைப் பின்னதிடம் எதிர்பார்க்க முடியாது.

இனி அந்த நொசிலையே கையில் எடுத்துப் பார்க்கலாம்.

இன்ஜெக்டரின் முனையில், விரல் நீளம்கூட இல்லாத உருக்குத் துண்டு. அதற்குள் ஒரு ஊசி. ஊசிக்கும் சுவருக்கும் இடையில் 2 முதல் 4 மைக்ரோன் இடைவெளி. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். மேலே ஒரு ஸ்பிரிங் ஊசியை அழுத்திப் பிடித்திருக்கும். பம்பிலிருந்து வரும் டீசல் அந்த ஸ்பிரிங்கை வெல்லும் கணத்தில் ஊசி எழும், டீசல் புகாராகச் சிதறும், ஊசி திரும்ப விழுந்து அடைக்கும். பழைய ஹயஸ் போன்ற இஞ்சின்களில் ஊசி எழும் அழுத்தம் 100 முதல் 150 பார் வரை. கார் ரயருக்கு அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான்.

இது எத்தனை முறை நடக்கிறது? நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஒவ்வொரு நொசிலும் 1000 தடவை திறந்து மூடும். மணிக்கு 40 கிலோமீற்றர் சராசரி வேகம் என்று வைத்துக்கொண்டால், மூன்று லட்சம் கிலோமீற்றர் ஓட 7500 மணி நேரம். அதற்குள் ஒரு நொசில் 45 கோடி தடவை அடித்திருக்கும். உருக்கு என்றாலும் தேயும், ஸ்பிரிங் என்றாலும் தளரும். பிரேக் கட்டை தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த ஊசிக்கு மட்டும் சாகாவரம் கொடுத்து வைத்திருப்பது ஏன்?

தளர்ந்த நொசில் நின்றுபோவதில்லை. அதுதான் ஆபத்து. அது கொஞ்சம் முந்தித் திறக்கும், அடைக்க வேண்டிய நேரத்தில் ஒழுகும். புகாராகப் போகவேண்டிய டீசல் துளியாக விழும். அந்தத் துளி பிஸ்டன் தலையில் எரிந்து குழி விழுத்தும், சிலிண்டர் சுவரில் ஒயில் படலத்தைக் கழுவும், மிஞ்சியது ஒயிலோடு கலந்து ஒயிலை மெலியவைக்கும். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஓடுகிறது என்பதையே நலத்துக்குச் சான்றாக எடுப்பவர், இஞ்சின் தலை கழற்றவேண்டி வரும் நாளில் இதைக் கெட்டகாலம் என்று நினைத்துக்கொள்கிறார்.

கழற்றிய நொசிலைச் சோதிக்கும் கருவி எளிமையானது. மேசையில் பூட்டிய ஒரு கைப்பம்ப், மேலே அழுத்தமானி, சிறு டீசல் தொட்டி. நொசிலைக் குழாயில் முடுக்கி நெம்பை மெல்ல அமத்தும்போது முள் ஏறும். நல்ல நொசில் குறித்த அழுத்தத்தில் கரகரவென்று நடுங்கும் ஓசையோடு திறக்கும். வாயிலிருந்து ஒழுங்கான கூம்பாகப் புகார் பாயும். கெட்டது ஓசையின்றி ஒரு பக்கமாகப் பீச்சும். அதன் பிறகு வருவதுதான் உண்மையான சோதனை. திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே முள்ளை நிறுத்தி, பத்து விநாடி நொசிலின் நுனியைப் பார்க்க வேண்டும். நுனி காய்ந்தே இருந்தால் ஊசி அமரும் இருக்கை சரி. மணிபோல் ஒரு துளி திரண்டு தொங்கினால், காலையில் முற்றத்தை மூடிய புகையின் ஒரு காரணம் அந்தத் துளி. அழுத்தம் மட்டும் குறைந்திருந்தால் ஸ்பிரிங்குக்கு மேலிருக்கும் சிம் தகட்டை மாற்றினால் போதும். 0.05 மில்லிமீற்றர் தடிப்பு மாறினால் ஏறத்தாழ 6, 7 பார் மாறும். வேலை இவ்வளவுதான். பட்டா என்ற சிறு லொறியின் சின்ன இஞ்சினுக்கு இரண்டு சிலிண்டர், ஆகவே இரண்டே நொசில்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பாய்கிற புகாருக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் இளம் மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே தெரிவது ஊசி குத்திய அடையாளம் மட்டும். உள்ளே தசை அழுகும். உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகலாம், கை போகலாம். நோ இல்லை என்று வீட்டுக்குப் போய் மறுநாள் வீக்கத்தோடு வைத்தியசாலைக்கு வருவது பிந்திய வருகை.

தடைக்காலத்து மெக்கானிக்குகளுக்குப் புது நொசில் கிடைக்கவில்லை. அதனால்தான் இருந்ததைக் கழற்றினார்கள், கரியை எடுத்தார்கள், ஊசியை இருக்கையில் பொருந்தத் தேய்த்தார்கள், சிம் வைத்தார்கள், திரும்பப் பூட்டினார்கள். அந்த வண்டிகள் ஓடியதற்குக் காரணம் எரிபொருளின் பெருந்தன்மை அல்ல, அந்தக் கைகளின் உழைப்பு. அவர்களுடைய பெயரைச் சொல்லி இன்று கழற்றாதே என்பது அவர்கள் செய்த வேலையை அழிப்பதாகும்.

"கழட்டின பிறகுதான் வண்டி கெட்டது" என்ற முறைப்பாட்டை மட்டும் இலேசாகத் தள்ளிவிட முடியாது. அது பொய்யில்லை. கழற்றிய பிறகு கெட்ட வண்டிகள் உண்டு. ஆனால் கெடுத்தது எது? பழைய செப்பு வாஷரையே திருப்பிப் போட்டது. குழாய் வாயை மூடாமல் புழுதியில் வைத்தது. கோடையில் வன்னியின் செம்மண் புழுதி எங்கெல்லாம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. நொசில் நுனியைக் கம்பித் தூரிகையால் உரசித் துவாரத்தைச் சிதைத்தது. ஒன்றாம் சிலிண்டரினதை மூன்றாம் சிலிண்டரில் பூட்டியது. முடுக்க வேண்டிய அளவு பார்க்காமல் பலத்தைக் காட்டியது. இவையெல்லாம் அரைகுறை வேலையின் குற்றங்கள். காயத்துக்குத் துப்பரவில்லாமல் கட்டுப் போட்டுச் சீழ் பிடித்தால் கட்டுப் போடுவதையே யாரும் கைவிடுவதில்லை.

அந்தச் செப்பு வாஷரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லலாம், ஏனென்றால் கே.டி.எச். வான்களின் கதை அதில்தான் இருக்கிறது. போருக்குப் பிறகு வடக்கின் வீதிகளை நிறைத்த அந்த ஹயஸ்களில் இருப்பது டொயோட்டாவின் 1கேடி, 2கேடி வகை கொமன் ரெயில் இஞ்சின், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை. பிராடோவிலும் ஹைலக்ஸிலும் வருவதும் இதே குடும்பம். இன்ஜெக்டர் அமரும் இடத்தில் உள்ள வாஷர் நாட்பட்டுக் கசியத் தொடங்கினால், சிலிண்டரின் எரிவாயு மேலே ஏறி ஒயிலுக்குள் புகும். ஒயில் கரியால் தடிக்கும். தடித்த கரி சம்புக்குள் ஒயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். பிறகு ஒருநாள் ஒயில் அழுத்தம் விழுந்து இஞ்சின் இறுகும். ஒஸ்ரேலியாவில் 1கேடி வைத்திருப்பவர்களுக்கு இது நன்கு தெரிந்த கோளாறு. ஒரு சிறு செப்பு வட்டம் முழு இஞ்சினையும் கொண்டுபோய்விடும். ஓடுகிற வண்டியில் கை வைக்கப்படாது என்ற வேதம் மிகக் கூடிய பலி வாங்குவது இந்த இடத்தில்தான்.

கொமன் ரெயில் என்று வந்ததும் சிலர் மறு கரைக்குத் தாவுகிறார்கள். "உதைத் திருத்தேலாது, நாலையும் எறிஞ்சுபோட்டுப் புதுசு போடு." சோதனை எதுவும் கிடையாது. நான்கில் ஒன்றுதான் கெட்டிருக்கலாம். நான்கும் நல்லதாக இருந்து ரெயிலின் அழுத்த வால்வு பழுதாகியிருக்கலாம், பில்டர் அடைத்திருக்கலாம், கொம்பிரஷனே விழுந்திருக்கலாம். காலைப் புகைக்கு நொசில் ஒன்றே காரணமில்லை. அதனால்தான் முதலில் சோதனை. இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் குழாய் கைக்கு எட்டுகிற இஞ்சின்களில் அதற்கு வேண்டியது நான்கு மெல்லிய குழாயும் நான்கு ஒரே அளவான கண்ணாடிப் போத்தலும். இன்ஜெக்டர்களின் திரும்பு வாய்களில் குழாயைச் செருகி, இஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, போத்தல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்: மூன்றில் ஒரே மட்டம், ஒன்றில் இரட்டிப்பு. அந்த ஒன்றுதான் உள்ளே கசிகிறது. குழாய் எட்டாத இஞ்சின்களில் ஸ்கானரைப் பூட்டினால், எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு டீசலைக் கணினி கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று திரையில் வரும். எது மற்றவற்றை விட்டுத் தனியே விலகி நிற்கிறதோ அதன் மேல்தான் சந்தேகம்.

பழைய இஞ்சினில் ஒவ்வொரு குழாய் நட்டாக இளக்கி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்ப்பது நல்ல முறை. அதே கையோடு கொமன் ரெயிலில் ஓடும்போது நட்டை இளக்குவது உயிரோடு விளையாடுவது. அங்கே அழுத்தம் 1000 பாரைத் தாண்டி 1600, 1800 வரை போகும்.

இப்படிச் சோதித்துக் கெட்டதாகத் தெரிந்த இன்ஜெக்டரையும் பல நேரம் சோதனை மேசையில் ஏற்றி, வால்வும் நொசிலும் மாற்றித் திரும்ப எடுக்கலாம். அதன் உடலில் பொறித்திருக்கும் குறியீட்டைக் கணினிக்கு ஊட்ட வேண்டியதும் வேலையின் ஒரு பங்கு. அதைச் செய்யாமல் நல்ல இன்ஜெக்டரையும் கெட்டதாக்கலாம். அத்தகைய மேசை எல்லா ஊரிலும் இல்லை என்பது நியாயமான குறைதான். ஆனால் போகவேண்டியது வண்டியில்லை. இன்ஜெக்டர்களுக்குத் தொப்பி மாட்டி, 1, 2, 3, 4 என்று எழுதி, துணி சுற்றி ஒரு சிறு பெட்டியில் வைத்தால் வவுனியாவுக்கும் போகும், இரவு பஸ்ஸில் கொழும்புக்கும் போகும்.

மூன்றாவது கூட்டம் போத்தல் மருந்துக்காரர். ராங்கியில் ஊற்றினால் நொசில் தானே துப்பரவாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. வாகன வருமான வரிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை நெருங்கும் கிழமையில் இந்தப் போத்தல்களின் விற்பனை தெரியும். மருந்து இளகிய கரியைக் கரைக்கும். அவ்வளவு பயன் அதில் உண்டு. தளர்ந்த ஸ்பிரிங்கை அது இறுக்காது, தேய்ந்த இருக்கையை வளர்க்காது. சான்றிதழ் கிடைத்த மறுமாதம் புகை திரும்பி வருவது அதனால்தான்.

2022 இன் எரிபொருள் நெருக்கடி இந்த நொசில்களில் தன் எழுத்தை விட்டுத்தான் போயிருக்கும். அந்த ஓகஸ்ட் 21 வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா, டீசல் 430 ரூபா. கடற்றொழிலாளருக்கும் விவசாயிக்கும் அந்த 87 ரூபா எண்ணெய் வரிசையில் நின்றாலும் கிடைக்கவில்லை. ஆனால் ஐந்து மடங்கு விலை வித்தியாசம் கலப்படத்துக்கு என்ன ஆசையைத் தூண்டும் என்று சொல்லவேண்டியதில்லை. பிறகு மண்ணெண்ணெய் 340 ஆனது. கிடைத்த டீசலையும் கானிலும் பரலிலும் சேர்த்து வைத்தார்கள். அரைவாசி வெறுமையான பரலில் மாரிக் குளிருக்கு வியர்க்கும் தண்ணீர் அடியில் தங்கும். உழவு இயந்திரத்துக்கும் இறைப்பு மோட்டருக்கும் இன்றும் அப்படிச் சேமிக்கும் வீடுகள் வன்னியில் நிறைய உண்டு. அந்தப் பரலின் அடி டீசல் வானுக்குள் போகும் நாளில் நொசில் ஊசி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. பில்டரின் அடியில் தண்ணீர் திறக்கும் ஆணி எதற்கென்று தெரியாமலே வண்டி விற்று வாங்கியவர்கள் எத்தனை பேர்!

இதையெல்லாம் இவ்வளவு விடாப்பிடியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் வாகன விலை வன்னியின் ஒரு குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. இருக்கிற வண்டிதான் இன்னும் பத்து வருடம் ஓட வேண்டும். அந்த வண்டிதான் ஒட்டுசுட்டானிலிருந்து பிரசவ வலியோடு ஒருத்தியை நடுச்சாமத்தில் மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அறுவடைக் காலத்தில் ஆட்களை வயலுக்கு ஏற்றவேண்டியதும் அதுதான். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இரவில் நின்றுபோன வானுக்கு அடுத்த வெளிச்சம் எவ்வளவு தூரத்தில் என்று நின்றவர்களுக்குத் தெரியும்.

வண்டி கைமாறும்போதும் ஒரு பழக்கம் வரவேண்டும். இன்றைக்கு வாங்க வருபவர் பெயின்ரைத் தட்டிப் பார்க்கிறார், ரயரை உதைக்கிறார், மீற்றரைப் பார்த்துத் தலையாட்டுகிறார். நொசில் எப்போது கழற்றினது, எந்த அழுத்தத்தில் திறந்தது, வாஷர் புதியதா என்று கேட்பவர் அரிது. சோதித்த கராஜ் ஒரு துண்டில் நான்கு இலக்கங்களையும் திகதியையும் எழுதிக் கொடுத்தால், அந்தத் துண்டை டாஷ்போட்டுக்குள் காப்புறுதிப் பத்திரத்தோடு வைக்கலாம். அடுத்த ஐம்பதினாயிரம் கிலோமீற்றரில் திரும்பக் கழற்றும்போது அதே துண்டின் கீழே புதிய நான்கு இலக்கங்களை எழுதிக்கொள்ளலாம்.